முப்பத்துமூன்றாவது வாய்

ஏழு. ஏழாவது வாய் நெய்ச்சோறு தொண்டைக்குள் இறங்கியதும் ரைஹானா இடது கைப் பெருவிரலை ஒரு கணு தள்ளி வைத்தாள். அந்தக் கை அவள் மடியில், துப்பட்டாவுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. விரலுக்கு மூன்று கணு, ஐந்து விரலுக்குப் பதினைந்து, பெருவிரலின் முறை வந்தால் மட்டும் சுட்டுவிரல் எண்ணும். இரண்டு சுற்று முடிந்து மேற்கொண்டு ஒரு விரல் போனால் முப்பத்துமூன்று. தொழுது முடித்தபின் தஸ்பீஹ் ஓதுகிறவர்கள் விரலில் எண்ணும் அதே எண்ணிக்கை. படைத்தவனைத் துதிக்கக் கற்றுக்கொண்ட கணக்கைக் கொண்டுபோய்ச் சோற்றுக்கு வைத்திருக்கிறோமே என்று நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருக்கும். ஆகவே அவள் அதை நினைப்பதில்லை. முப்பத்துமூன்று ஆனதும் கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் இருக்கும்வரை இந்தத் தொல்லை கிடையாது. அங்கே அவளுக்கென்று ஒரு சின்னத் தட்டு, ஒரு கப், கிராம் காட்டும் ஒரு தராசு, தின்றதையெல்லாம் ஒப்பிக்கப் போனில் ஒரு ஆப். காயல்பட்டினத்துக்கு வந்து பெருநாள் சோற்றுக்கு உட்கார்ந்தால் அதெல்லாம் செல்லாது. இங்கே சகன்தான். அகலமான ஒரு தட்டில் சோற்றைக் குவித்து, மேலே ஆட்டுக்கறியை வைத்து, இரண்டு பேரோ மூன்று பேரோ சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் கை வைப்பார்கள். "தட்ட நாலாப் பிரிச்சுக்குங்க மேடம், ஒரு பங்குதான் சோறு" என்று டயட்டீஷியன் பெண் சொன்னபோது, எங்கள் ஊரில் தட்டைப் பிரிக்கமாட்டோம், தட்டைச் சுற்றி ஆட்களைத்தான் உட்காரவைப்போம் என்று சொல்ல வாயெடுத்து, பாவம் குழம்பிப்போவாளே என்று விட்டுவிட்டாள். சகனில் யார் எவ்வளவு தின்றார்கள் என்று யாருக்குத் தெரியும்? எத்தனை கப் என்று ஆப் கேட்டால் எதைச் சொல்வது? அப்படி வந்ததுதான் இந்த வாய்க்கணக்கு. எட்டு. இந்த வாயில் கத்தரிக்காய் மாங்காயும் சேர்ந்து வந்துவிட்டது, மாங்காயின் புளிப்பு நாக்கின் ஓரத்தைக் கிள்ளியது, ஆனாலும் எட்டு எட்டுதான், கத்தரிக்காய்க்குத் தனிக்கணக்கு கிடையாது.

எதிரே தங்கை சபீனா உட்கார்ந்திருந்தாள். ரைஹானாவைவிடப் பத்து வயது இளையவள், நாலு மாதக் கைக்குழந்தைக்காரி. குழந்தை உள்ளறைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. சபீனா குனிந்த தலை நிமிராமல், பேச்சுமில்லாமல், ஒரு வாயை மென்று முடிப்பதற்குள் அடுத்த வாயை உருட்டிக்கொண்டு, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள்போல் தின்றாள். ரைஹானாவுக்குப் பார்க்க என்னவோபோல் இருந்தது. இப்படியா அள்ளிப் போடுவாள் ஒருத்தி? சின்னப் பிள்ளையில் இவளுக்குச் சோறு ஊட்ட வேண்டுமென்றால் முற்றத்துக்கும் மாடிக்குமாக நடக்க வேண்டும், ஒரு வாய்க்கு ஒரு பூனையைக் காட்ட வேண்டும். தெருப் பூனையையெல்லாம் தேடிப் பிடித்துக் காட்டியவள் ரைஹானாதான். "மெதுவாத் தின்னுடி, விக்கிக்கப் போவுது" என்றாள். "ம்" என்றாள் சபீனா. அந்த "ம்"மில் ஒரு பருக்கை அளவுகூட வாஞ்சை இல்லை. கோபமாக இருக்கிறாளோ? இருக்கும். காலையிலேயே சாடை தெரிந்துவிட்டது. அடுப்படியில் உம்மா நெய்யில் வெங்காயத்தைப் போட்டுக் கிளறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "அவ உன்கூட சகன்ல உக்கார மாட்டாளாம், மாமிகூட உக்காருறேங்கிறா. நல்ல நாளும் அதுவுமா லாத்தாவும் தங்கச்சியும் வேற வேற சகன்ல உக்காந்தா பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க? நான்தான் ஒரு சத்தம் போட்டு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஏலக்காய் டப்பாவைத் தேடப் போய்விட்டாள். உம்மா சொன்னதை உம்மா மறந்திருப்பாள். ரைஹானாவுக்குத்தான் நெஞ்சில் முள் ஏறிவிட்டது. என்னோடு உட்கார அவளுக்கு என்ன கஷ்டம்? குழந்தைக்குப் பெயர் வைத்த அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை என்று வராமல் இருந்துவிட்டேனே, அதுவா? இல்லை, அன்றைக்கே போனில் பேசி எல்லாம் சரியாகிவிட்டது. பெருநாளுக்கு எடுத்துவந்த சேலையின் நிறம் பிடிக்கவில்லையா? பிடிக்காமலா இன்றைக்கு அதையே உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போன மாதம், புள்ள பெத்தவ வாயக் கட்டணும்டி, இல்லாட்டா என்னை மாதிரி ஆயிடுவ என்று சொன்னேனே, அதுவா? அது நல்லதுக்குத்தானே சொன்னது. பன்னிரண்டு. இல்லை, பதின்மூன்றா? பெருவிரலைத் தடவிப் பார்த்தாள். பன்னிரண்டுதான்.

அடுத்த சகனிலிருந்து நஃபீசா மாமியின் சிரிப்பு கூடத்தையே குலுக்கியது. மாமி வாப்பாவின் தங்கை. தின்பதிலும் சிரிப்பதிலும் மாமிக்கு அளவு என்பது கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில், இரண்டாவது பிள்ளையைப் பெற்றுவிட்டுச் சென்னையிலிருந்து வந்திறங்கிய ரைஹானாவைப் பார்த்து, "யாரு, நம்ம ரைஹானாவா இது? வாசல அடைச்சுக்கிட்டு நிக்கிறாளே, மாப்பிள்ளை எப்படி உள்ள வருவாரு!" என்று சொன்னதும் இதே சிரிப்போடுதான். எல்லோரும் சிரித்தார்கள். ரைஹானாவும் சிரித்தாள். சொன்ன கையோடு மாமி அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து வட்டிலாப்பத்தைப் பிட்டு ஊட்டிவிட்டாள். மாமியின் மனசில் கல்மிஷம் இல்லை, அது ரைஹானாவுக்கும் தெரியும். ஆனால் முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்த வட்டிலாப்பத்தை அவள் மெல்லாமல் விழுங்கிவிட்டு எழுந்துகொண்டாள். அன்றைக்குக் கல்யாண வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கப்புறம்தான் தராசு வந்தது, சின்னத் தட்டு வந்தது, கப் வந்தது. பெருநாள் வந்தால் முன்னால் மூன்று நாள் பட்டினி, பின்னால் மூன்று நாள் இரட்டை நடை. அவள் வீட்டுக்காரர் அன்சாரி ஒருநாள் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நீ அளந்து அளந்து வைக்கிறதப் பாத்தா எனக்கும் உள்ள எறங்க மாட்டேங்குது, ரைஹானா" என்றார். எடைபோடுவது என் சோறு, உங்களுக்கு ஏன் இறங்கவில்லை என்று அவள் கேட்டாள். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். இப்போது முன்னறையில் ஆம்பிளைகளின் சகனில் உட்கார்ந்து நிம்மதியாகத் தின்றுகொண்டிருப்பார். பதினேழு. இந்த வாயில் கறி நன்றாக வெந்து நார் நாராகப் பிரிந்தது. நன்றாக இருக்கிறது என்று நினைத்தவுடனேயே, நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு வருஷத்திலேயே பிடித்த மாதம் நோன்பு மாதம்தான். ஏன் தின்னவில்லை என்று அந்த மாதத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். விடிவதற்கு முன் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், சாயங்காலம் மஃரிபு பாங்கு சொன்னால் வாயைத் திறக்க வேண்டும். வயிற்றைக் கேட்க வேண்டிய வேலையே இல்லை. இந்த வருஷம் முப்பது நோன்பில் நாலு கிலோ குறைந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் நோன்பு திறப்பதற்கு முன்னால், எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு துஆ கேட்கிற அந்த நேரத்தில், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு எடைக்கருவியில் ஏறி நின்றாள். பிறை தெரிந்தபோது வந்த சந்தோஷம் பெரிதா, நாலு கிலோ என்று எண் காட்டியபோது வந்த சந்தோஷம் பெரிதா? இந்தக் கேள்வி மட்டும் அவளை விடவில்லை. இந்த நோன்பை வைக்கிறேன் என்று நிய்யத்து வாயால் சொன்னது அல்லாஹ்வுக்காக, மனசு வைத்தது எடைக்கருவிக்காக. அப்படியானால் அந்த முப்பது நோன்பும் யார் பேரில் எழுதப்பட்டிருக்கும்? இதைப் பள்ளிவாசல் ஆலிமிடம் போய்க் கேட்கவா முடியும்? இன்றைக்குப் பெருநாள், நோன்பு வைப்பதே கூடாது, ஹராம். தின்ன வேண்டும் என்று மார்க்கமே கட்டளையிடுகிற நாளில் இவள் கணு எண்ணிக்கொண்டிருக்கிறாள். காலையில் தொழுகைக்குப் போகும்முன் அன்சாரி, "பசிக்குதா? உம்மாகிட்ட இடியாப்பம் ரெடியான்னு கேளு" என்றார். பசிக்குதா என்றதும் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழரை. ஏழரைக்குப் பசிக்கலாமா கூடாதா? வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், தெரியவில்லை. ஏழு வருஷமாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தகவலும் வருவதில்லை. எண்ணவைத்தது பயம்தான், வேறொன்றுமில்லை. ஒரு வாய் கூடிவிட்டால் அப்புறம் நிற்காது, சகனைக் காலிசெய்து சட்டியைக் காலிசெய்து வட்டிலாப்பத்துக் கிண்ணத்தையும் வழித்துவிடுவேன் என்ற பயம். அடைத்து வைத்த ஒன்று திறந்துகொண்டால் அப்புறம் அதை யார் அடைப்பது? இருபத்துநாலு. பெருவிரல் மோதிரவிரலின் கடைசிக் கணுவுக்கு நகர்ந்தது.

அப்போதுதான் சபீனா தலையைத் தூக்கினாள். ரைஹானாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் நேராக ரைஹானாவின் மடிக்குப் போயிற்று. துப்பட்டா சற்று விலகி, மடங்கிய விரல்களும் பெருவிரலும் தெரிந்தன. சபீனா ஒரு நொடி அதைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள், அடுத்த வாயை இன்னும் பெரிதாக உருட்டினாள். ரைஹானாவுக்கு முதலில் கோபம் வந்தது. என் மடியில் இவளுக்கு என்ன பார்வை? இருபத்தைந்து. மறுபடி பார்த்தாள். இருபத்தாறு. மறுபடியும். கடைசி ஓவரில் ஸ்கோரைப் பார்க்கிற ஆம்பிளைகளைப்போல் ஒவ்வொரு வாய்க்கும் பார்க்கிறாள். அவளுக்குத் தெரியும். கணு தெரியும், சுற்று தெரியும், முப்பத்துமூன்றும் தெரியும். தெரிந்து என்ன ஆக வேண்டும் அவளுக்கு? என்று கேட்டுக்கொண்ட அதே மூச்சில் ரைஹானாவுக்கு விளங்கிவிட்டது, விளங்கியதும் வாயிலிருந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. சகனில் மூத்தவள் கையை எடுத்துவிட்டால் இளையவள் கையும் வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு பருக்கை எடுத்தாலும் என்ன இவ இப்படி அலையிறா என்று ஆகிவிடும். இதை ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, ஆனாலும் தெரியாதவர்கள் இல்லை. அதனால்தான் இவள் ஓடி ஓடித் தின்கிறாள். நான் முப்பத்துமூன்றில் கதவைச் சாத்திவிடுவேன் என்று தெரிந்து அதற்குள் வயிற்றை நிரப்பிக்கொள்ளப் பார்க்கிறாள், பால்கொடுக்கிறவள். மாமியோடு உட்காருகிறேன் என்று கேட்டது கோபத்தில் இல்லை, பசியில். போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் இதே கூடம்தான், இதே சகன்தான். சபீனாவுக்கு அப்போது மசக்கை தீர்ந்து வயிறு திறந்த சமயம். முப்பத்துமூன்றில் ரைஹானா கையை எடுத்தாள், சபீனாவும் விரலை நக்கிக்கொண்டு எடுத்தாள், பரவாயில்லையே என் தங்கச்சிக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டதே என்று ரைஹானா பெருமையே பட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனபோது கதவுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சட்டியின் அடிச்சோற்றைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தவளைப் பார்த்து, "இப்பத்தானேடி தின்ன? நாக்குக்கு ஒரு கட்டுப்பாடு வேணாமா, வயித்துல புள்ள இருந்தா எல்லாம் சரியாப் போயிடுமா?" என்று ஏசியதும் இவள்தான். சபீனா வாய் நிறையச் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தாளே, அந்தப் பார்வை இப்போது வந்து எதிரே நின்றது. நேற்றுப் பித்ரா அரிசியை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து, குறைந்துவிடக் கூடாதென்று மேலே இன்னும் ஒரு கை போட்டுக் கட்டினாள். பெருநாள் அன்றைக்கு ஊரில் ஒரு வயிறும் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்குத்தானே அந்த அரிசி. ஒரே தட்டில் கை வைத்த தங்கச்சியைப் பட்டினி போட்டு எழுப்பியிருக்கிறோமே. ரைஹானாவுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. எண்ணாமல் இருக்கத்தான் பார்த்தாள், விரல் தானாக நகர்ந்தது.

முப்பத்துமூன்று. சபீனா தன் பக்கத்துப் பருக்கைகளை ஒதுக்கி ஒன்றுகூட்ட ஆரம்பித்துவிட்டாள். ரைஹானாவின் கை வழக்கம்போல் மேலே வந்தது, பாதி வழியில் நின்றது, திரும்பச் சோற்றுக்குள் போயிற்று. சபீனா காத்திருந்தாள். ரைஹானா ஒரு கறித்துண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினாள், சோற்றைக் கிளறினாள், இரண்டு பருக்கையை எடுத்து வாயில் போட்டுப் பத்துப் பருக்கைபோல் மென்றாள். "நடிக்காதிய லாத்தா" என்றாள் சபீனா, மெதுவாக, பக்கத்துச் சகனுக்குக் கேட்காமல். "எனக்காகத் தின்ன வேணாம். எனக்குப் போதும்." அவள் கை தட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு நொடியில் போய்விடும். இவளை ஏமாற்ற முடியாது, பூனை காட்டி ஊட்டிய காலமெல்லாம் போய்விட்டது. தின்றால்தான் ஆகும். ரைஹானா இடது கையை மடியிலிருந்து எடுத்துப் பாயில் விரித்து ஊன்றிக்கொண்டாள். சோற்றில் கறிச்சாறு ஊறிய இடமாகப் பார்த்து, மாங்காய்த் துண்டு ஒன்றைச் சேர்த்து, ஒரு முழு வாய் உருட்டிப் போட்டுக்கொண்டாள். ஒன்றும் இடிந்து விழவில்லை. இன்னொரு வாய். நெய்யின் மணம், பட்டையின் காரம், கறியின் கொழுப்பு நாக்கில் கரைந்து வழுக்கிக்கொண்டு போவது, எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. எனக்குப் பசிக்கிறதா? விலாவுக்குக் கீழே ஏதோ இழுத்துப் பிடித்தது. ஆமாம், பசிக்கிறது. இதுவா அது? இத்தனை நாளாகத் தலைவலி என்றும் அசதி என்றும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது என்றும் வேறு வேறு பேரில் வந்துகொண்டிருந்தது இதுதானா? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய் என்று சொல்லிக்கொள்ளலாம், நல்லவேளையாகக் கறியில் காரம் இருந்தது. "அன்னைக்கு அடுப்படியில உன்ன ஏசினேன்ல, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு" என்றாள். சபீனாவின் கை மறுபடி சோற்றுக்கு வந்திருந்தது. "ஏசினியதான். அன்னைக்குப் பூரா அழுதேன்" என்றாள் அவள். இன்னொரு வாயை உருட்டினாள். "ஆனா லாத்தா, அந்த அடிச்சோறு இக்கிதே, நல்லா முறுகி, அப்படி ஒரு ருசி. அழுதுக்கிட்டே தின்னு முடிச்சிட்டேன்." ரைஹானாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது, சபீனாவும் சிரித்தாள். "என்ன அந்த சகன்ல சத்தம்? கையெடுத்துட்டியளா?" என்று மாமி எட்டிப் பார்த்தாள். "எடுக்கல மாமி, உங்க சகனப் பாருங்கோ" என்றாள் ரைஹானா. இப்போது சபீனா நிதானமாகத் தின்றாள். ஒரு நல்லி எலும்பை எடுத்துத் தட்டின் விளிம்பில் தட்டி, உறிஞ்சி, உள்ளே கண்ணை வைத்துப் பார்த்து, இன்னும் இருக்கிறது என்று மறுபடி உறிஞ்சினாள். குழந்தை ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறது, அவள் மாப்பிள்ளை தொட்டில் ஆட்டினால் அவருக்கே தூக்கம் வந்துவிடுகிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பேச்சுக்கு நடுவில் தட்டின் அடி தெரிந்துவிட்டது. சபீனா அதைப் பார்த்தாள், ரைஹானாவைப் பார்க்கவில்லை, மிச்சமிருந்த சோற்றை லாத்தாவின் பக்கமாக மெல்லத் தள்ளிவிட்டாள். ரைஹானா தலையைத் திருப்பி, "உம்மா, இங்க சோறு!" என்று கூப்பிட்டாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள், மாமிகூட மெல்லுவதை நிறுத்தினாள். உம்மா சட்டியும் கரண்டியுமாக வந்து பக்கத்தில் நின்று, குனிந்து, நம்பாமல், "யாருக்கும்மா?" என்று கேட்டாள். சகனில் யாருக்கு என்று கேட்கிற வழக்கமே கிடையாது. "எங்க ரெண்டு பேருக்கும்தான், வைங்கோ" என்றாள் ரைஹானா. உம்மா மூன்று கரண்டி வைத்தாள். கறியும் வைத்தாள். திரும்பிப் போகிற வழியில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ரைஹானா தின்றாள். எத்தனை வாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஐந்தாக இருக்கலாம், எட்டாக இருக்கலாம். அப்புறம் ஒரு வாயை உருட்டும்போது அது வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான். யாரும் சொல்லவில்லை, பாங்கு கேட்கவில்லை, விரல் போய் முட்டவில்லை. வயிறு போதும் என்றது, அவளுக்குக் கேட்டது. சகனும் காலியாகவில்லை, சட்டியும் காலியாகவில்லை, ஏழு வருஷமாகப் பயந்த பயத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை. வட்டிலாப்பம் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், பசித்தால். உருட்டிய அந்த வாயைப் பிரித்துச் சபீனாவின் பக்கம் விட்டுவிட்டு, கையை மட்டும் எடுக்காமல், விரல்களைச் சோற்றில் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளறையில் குழந்தை சிணுங்கியது. சபீனா எழப் பார்த்தாள். "நீ தின்னுடி, உம்மா தூக்கிக்குவாங்க" என்றாள் ரைஹானா. சபீனா உட்கார்ந்து தின்றாள். இருந்த சோற்றைத் தின்றாள், கறியைத் தின்றாள், கத்தரிக்காயின் காம்பைக்கூடச் சப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, விரல் ஒவ்வொன்றாக நக்கி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கையை எடுத்தாள். அவள் எடுத்தபிறகு ரைஹானாவும் எடுத்தாள்.